கடலூர், புதுச்சேரி கட்டடங்களுக்குக் கிளவுட் அக்சஸ் கன்ட்ரோல்: கதவு முதல் டேஷ்போர்டு வரை முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி மிஷன் வீதியில் கடை, கடலூர் முதுநகரில் குடோன், நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் சாலை. சாவி இப்போது யார் கையில் இருக்கிறது, நேற்று இரவு யார் திறந்தார்கள், வேலையை விட்டுப் போனவர் சாவிக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறாரா என்று முதலாளிக்கு எதுவும் தெரியாது. கிளவுட் அக்சஸ் கன்ட்ரோல் கைகொடுப்பது இங்கேதான். கார்டு, முகம், போன் எதைக் காட்டினாலும் கதவு திறக்கும். யாருக்கு எந்தக் கதவு, எந்த நேரம் என்பதை எங்கிருந்தும் போனிலேயே மாற்றலாம். திறந்தது, திறக்க முயன்றது எல்லாம் நேரத்தோடு பதிவாகும்.

வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலராக, அதாவது அனுமதிப் பட்டியலை வைத்துப் பூட்டை இயக்கும் பெட்டியாக, இருக்க வேண்டும். இணையத்தில் இருக்கும் சர்வர், அதாவது கிளவுட், நிர்வாகத்துக்கு மட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சேவைகள் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அந்த நிறுவனத்தின் அலுவலகக் கதவுகளே ஊழியர்களின் பேட்ஜுக்குத் திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. நம் கடலோரத்தில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு பல நாட்கள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது. நெட் போகும், கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டுதான் இங்கே ஒரு கதவை வடிவமைக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது.

முதலில் கதவுகளைச் சுற்றிப் பாருங்கள்

விற்பனையாளரைக் கூப்பிடும் முன் ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் எழுத வேண்டியவை: மரமா, கண்ணாடியா, இரும்பா, உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, நிலையின் அகலம், தானாக மூடிக்கொள்கிறதா, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறும் வழியா, கன்ட்ரோலர் வைக்கப்போகும் இடத்துக்கு வயர் போகும் தூரம் எத்தனை மீட்டர். தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல், பைப் வளைந்து போகும் வழியில் அளங்கள்.

எல்லாக் கதவுக்கும் ரீடர், அதாவது கார்டையோ முகத்தையோ படிக்கும் கருவி, போட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து கதவுள்ள அலுவலகத்தில் வாசல், பின்கதவு, பணம் அல்லது ஆவணம் இருக்கும் அறை, சர்வர் அறை, ஸ்டோர் ஆகிய ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மிச்சப் பணத்தை நல்ல பேட்டரிக்கும் நல்ல டோர் குளோசருக்கும் செலவழியுங்கள். ஷட்டருக்கு, மின்காந்தத்தால் கதவைப் பிடித்துவைக்கும் மேக்னட் லாக் சரிப்படாது. அதற்கு ஷட்டர் சென்சர் மட்டும் போட்டு, இரவில் தூக்கினால் போனுக்குத் தகவல் வரும்படி செய்தால் போதும்.

கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை என்றால் எந்த சிஸ்டமும் பயன்படாது. பாதித் திறப்பில் நிற்கும் கதவை எந்தக் கன்ட்ரோலராலும் பூட்ட முடியாது. எனவே ஹைட்ராலிக் டோர் குளோசரை முதலில் மாட்டி, இரண்டு விரலால் தள்ளி விட்டாலும் நிலையோடு போய்ச் சேரும்படி அதன் திருகைச் சரிசெய்த பிறகே பூட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

பூட்டு எது?

பூட்டில் இரண்டு சாதி. கரண்ட் போனால் திறந்துகொள்வது ஒன்று, மேக்னட் லாக் இந்த வகை. கரண்ட் போனாலும் பூட்டியே இருப்பது இன்னொன்று, நிலையில் பதித்து, பூட்டின் நாக்கை மின்சாரத்தால் விடுவிக்கும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக்கில் பெரும்பாலானவை இந்த வகை. ஆட்கள் வெளியேறும் வாசலுக்கு முதல் வகை. பண அறை, ஸ்டோருக்கு இரண்டாவது வகை. ஆனால் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருகினால் கரண்ட், கார்டு எதுவும் இல்லாமல் கதவு திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

மேக்னட் லாக் பெரும்பாலும் 600 பவுண்டு, அதாவது சுமார் 280 கிலோ பிடிப்பு, அல்லது 1200 பவுண்டு, சுமார் 545 கிலோ பிடிப்பு என்று கிடைக்கும். அலுவலகத்தின் உள்கதவுக்கு 600 போதும். தெருவைப் பார்த்த கதவுக்கு 1200 போடுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு இசட்.எல். பிராக்கெட், 12 மி.மீ. கண்ணாடிக் கதவுக்கு யூ பிராக்கெட் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மேக்னட் லாக் பிடிக்கவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: கதவில் மாட்டும் ஆர்மேச்சர் தகடு. அந்தத் தகடு நடுவில் இருக்கும் ஒற்றை போல்ட்டில், ரப்பர் வாஷர் மேல், லேசாக ஆடும்படிதான் நிற்க வேண்டும். கதவு சற்றுச் சாய்ந்திருந்தாலும் தகடு தானாகத் திரும்பிக் காந்தத்தின் முகத்தோடு முழுதாக ஒட்டிக்கொள்ள அந்த ஆட்டம்தான் வழி. மாட்டுகிறவர் "ஆடுகிறதே" என்று ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டால், தகட்டின் ஒரு ஓரம் மட்டும் காந்தத்தைத் தொடும், 280 கிலோ பூட்டை ஒரு சிறுவன் தோளால் இடித்தே திறந்துவிடலாம். சோதிப்பது எளிது. கதவை மூடிப் பூட்டு பிடித்ததும் தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே மெல்லிய தாள் ஒன்றை நான்கு ஓரத்திலும் நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது.

ஒயிட் டவுன் பக்கம் பழைய வீடுகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அந்தத் தேக்கு இரட்டைக் கதவுகளில் துளை போட்டால் திரும்ப அடைக்க முடியாது. வாசல் கதவைத் தொடாமல் விட்டு, உள்ளே அறைக் கதவுகளில் மட்டும் பேட்டரியில் ஓடும் பின் நம்பர் பூட்டுப் போடுவது மேல். அதிலும் மழைக்காலத்தில் மரம் உப்பும், நாக்கு நிலையில் உரசும், மோட்டார் திணறும், நான்கு செல்லும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியது சில வாரங்களில் தீர்ந்துபோகும். ஐப்பசி பிறப்பதற்குள் தச்சரைக் கூப்பிட்டு நாக்கு போகும் ஓட்டையை 2 மி.மீ. அகலப்படுத்திவிடுங்கள். ரீசார்ஜ் செல் போடாதீர்கள். அது 1.2 வோல்ட்தான் தரும், பூட்டு எப்போதும் "பேட்டரி குறைவு" என்றே காட்டும்.

கார்டும் ரீடரும்

நம் ஊரில் பெரும்பாலும் விற்பது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுதான். அதில் பூட்டும் இல்லை, ரகசியமும் இல்லை. சில நூறு ரூபாய் நகலெடுக்கும் கருவியில் அரை நிமிடத்தில் இரட்டைக் கார்டு எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறிமுறையும் 2008-லேயே உடைபட்டுவிட்டது. புதிதாகப் போடுகிறவர்கள் மைஃபேர் டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 கார்டு கேளுங்கள். ரீடர் அந்தக் கார்டின் வெளி எண்ணை மட்டும் படிக்கிறதா, உள்ளே இருக்கும் பூட்டிய தகவலைப் படிக்கிறதா என்றும் கேளுங்கள். வெளி எண்ணை மட்டும் படித்தால் விலையுயர்ந்த கார்டு வாங்கியது வீண்.

ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே உள்ள பேச்சு இரண்டு விதம். பழைய வீகன்ட் முறையில் தகவல் திறந்தபடியே போகும், சுமார் 150 மீட்டர் எல்லை. ஓ.எஸ்.டி.பி. முறை ஆர்.எஸ்.485 வயரில் 1200 மீட்டர் வரை போகும், தகவலை மறைத்து அனுப்பும் ஏ.இ.எஸ். 128 குறியாக்கம் உண்டு, ரீடரை யாராவது கழற்றினால் கன்ட்ரோலருக்கு உடனே தெரியும். வெளிச்சுவரில் மாட்டும் ரீடருக்கு ஓ.எஸ்.டி.பி.தான் எடுக்க வேண்டும், அந்தக் குறியாக்கத்தைத் தரும் செக்யூர் சேனலை ஆன் செய்தார்களா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் பலவற்றில் அது ஆஃபிலேயே இருக்கும்.

கைரேகையைப் பற்றி இந்த மாவட்டத்துக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் தொழிலாளர்களின் விரல் நுனியை முந்திரி ஓட்டுப் பால் அரித்துவிடும். மீன் பதப்படுத்தும் இடங்களில் விரல் நாள் முழுக்க நனைந்து சுருங்கியிருக்கும். சிப்காட்டில் கையுறை. இந்த மூன்று இடத்திலும் கைரேகை மெஷின் பாதி நேரம் "மீண்டும் வைக்கவும்" என்றுதான் சொல்லும். ஷிப்ட் மாறும்போது வாசலில் வரிசை நிற்கும், கடைசியில் செக்யூரிட்டி கதவைத் திறந்தே வைத்துவிடுவார். அங்கே கார்டு அல்லது முகம் பார்க்கும் ரீடர் போடுங்கள். முக ரீடரைக் கிழக்கு வெயில் நேரே அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். எரியக்கூடிய ஆவி சேரும் பகுதிக்குள் சாதாரண ரீடர், பட்டன், பூட்டு எதுவும் கூடாது. அங்கே வெடிதடுப்புச் சான்று பெற்ற பெட்டியும் கருவியும்தான் போட வேண்டும். முடிந்தால் கதவுக் கட்டுப்பாட்டை அந்தப் பகுதிக்கு வெளியே நகர்த்திவிடுங்கள்.

அடுக்குமாடி வாசலில் வண்டிகளுக்குத் தடுப்புக் கம்பம் வைப்பவர்கள், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை படிக்கும் யு.எச்.எஃப். ரீடர் வைத்தால் கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகின் எண்ணையே அடையாளமாகப் பயன்படுத்தலாம். வசதிக்கு அது போதும். பலத்த பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது.

வயரும் கரண்டும்

ஒரு கதவுக்கு வேண்டிய சாமான்: கன்ட்ரோலர், ரீடர், பூட்டு, டோர் சென்சர், உள்பக்கம் எக்சிட் பட்டன், உடைத்துத் திறக்கும் அவசரப் பெட்டி, சார்ஜர் உள்ள 12 வோல்ட் 5 ஆம்ப் பவர் சப்ளை, 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்ப் மணி) பேட்டரி. டோர் சென்சர் பூட்டோடு சேர்ந்தே வரும் என்பார்கள். பூட்டில் இருக்கும் சென்சர் காந்தம் பிடித்ததா என்று மட்டும் சொல்லும். கதவு மூடியிருக்கிறதா என்று அறியத் தனி மேக்னடிக் கான்டாக்ட் வேண்டும்.

பூட்டுக்கு லேன் வயரின் ஒரு ஜோடியை இழுத்துவிடும் பழக்கம் இங்கே அதிகம். கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் அரை ஆம்ப் இழுக்கும் பூட்டு, 30 மீட்டர் தூரம். போக, வர 60 மீட்டர். 24 கேஜ் வயரில் அதற்கு 5 ஓம் தடை. பூட்டுக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்டுக்கும் கீழே, பிடிப்பு அதைவிட வேகமாகக் குறையும். அதே தூரத்துக்கு 1 சதுர மி.மீ. காப்பர் வயர் போட்டால் சுமார் 11.5 வோல்ட் கிடைக்கும். ரீடருக்கு ஷீல்டு உள்ள மல்டிகோர் வயர், பூட்டுக்கு 1 சதுர மி.மீ., 30 மீட்டரைத் தாண்டினால் 1.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இவற்றைச் சேர்த்து இழுக்கக் கூடாது.

பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடு போட வேண்டும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இரண்டு மூன்று ரூபாய்ச் சாமான். இது இல்லாவிட்டால் பூட்டு விடும் ஒவ்வொரு முறையும் காயிலில் எழும் எதிர் மின்னழுத்தம், கன்ட்ரோலரில் பூட்டை இயக்கும் சுவிட்சான ரிலேயைத் தின்னும், சில சமயம் கன்ட்ரோலரையே ரீஸ்டார்ட் செய்துவிடும். "கார்டு காட்டினால் கதவு திறக்கிறது, ஆனால் மெஷின் அணைந்து அணைந்து எரிகிறது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சில பூட்டில் டயோடு உள்ளேயே இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கு விற்கும் சாதாரணப் பவர் சப்ளைப் பெட்டியில் (எஸ்.எம்.பி.எஸ்.) பேட்டரியை நேரே கோக்காதீர்கள். பேட்டரி ஏற 13.6 முதல் 13.8 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் அது என்றைக்கும் நிறையாது. கரண்ட் போகிற அன்றுதான் அது வெறும் பெட்டி என்று தெரியவரும். பூட்டு, கன்ட்ரோலர், ரீடர் சேர்த்து ஒரு கதவு சுமார் 0.8 ஆம்ப் இழுக்கும். 7 ஏ.எச். பேட்டரி தாளில் எட்டரை மணி நேரம் வரும். இரண்டு வருடம் ஆன பேட்டரியிடம் நான்கைந்து மணி நேரம்தான் எதிர்பார்க்கலாம். புயல் நாளில் அதற்குப் பிறகு மேக்னட் லாக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். எனவே வாசலில் பழைய சாவிப் பூட்டையும் விட்டுவைத்து, இரவிலும் புயல் எச்சரிக்கையின்போதும் அதைப் பூட்டும் பழக்கத்தை விடாதீர்கள்.

அவசரப் பெட்டியின் வயரிங்கை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதை உடைத்தால் மேக்னட் லாக்குக்குப் போகும் பாசிட்டிவ் வயரே அறுபட வேண்டும். கன்ட்ரோலருக்குச் சிக்னல் கொடுத்து, அது யோசித்து, ரிலேயை விட்டு என்று சுற்றி வந்தால், கன்ட்ரோலர் தொங்கிய நாளில் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். தீ அலாரம் இருந்தால் அதன் ரிலேயும் இதே பாசிட்டிவ் வயரில் தொடராக வர வேண்டும். அலாரம் அடித்தால் வெளியேறும் கதவுகள் அனைத்தும் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் மேக்னட் லாக் மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

உப்புக் காற்றும் வெள்ளமும்

கடற்கரைச் சாலையிலும் தேவனாம்பட்டினத்திலும் துறைமுகத்தையொட்டியும் சாதாரணத் திருகுகளில் ஒரு மழைக்காலத்திலேயே துரு தெரியும். வெளியே மாட்டும் பிராக்கெட்டுக்கும் திருகுக்கும் துருப்பிடிக்காத எஃகில் எஸ்.எஸ். 316 ரகம் கேளுங்கள், 304 இங்கே கறை பிடிக்கும். ரீடரின் தூசு, தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐ.பி. 65-க்குக் குறையக் கூடாது. வயர் இணைப்புகளை டேப் சுற்றி விடாமல் ஜெல் நிரப்பிய கனெக்டரில் போடுங்கள். பெட்டிக்குள் நுழையும் வயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். காந்த முகத்தில் பழுப்பு படிந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் முலாம் போய் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

கன்ட்ரோலர், பேட்டரி, ஸ்விட்ச் எதையும் தரையோடு ஒட்டி வைக்காதீர்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தோம். தாழ்வான இடமென்றால் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம், இயன்றால் முதல் மாடி.

நெட் இணைப்பு

கிளவுட் கன்ட்ரோலர் தானே வெளியே போய் 443 போர்ட் வழியாகக் குறியாக்கம் செய்த இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். எனவே நிலையான ஐ.பி. முகவரி தேவையில்லை, வெளியிலிருந்து உள்ளே வரும்படி ரவுட்டரில் போர்ட் திறந்துவிடவும் தேவையில்லை. "போர்ட் ஃபார்வர்டு செய்ய வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் அவர் விற்பது கிளவுட் கருவி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். திறந்த போர்ட் வழியாக உலகமே உங்கள் கதவைத் தட்டும்.

கதவுப் பதிவுகளுக்கு டேட்டா மிகக் குறைவு, 4ஜி சிம்மே போதும். ஃபைபரை முதல் இணைப்பாகவும் வேறு கம்பெனி சிம்மை இரண்டாவதாகவும் வைத்து, தானாக மாறும் ரவுட்டர் போடுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யு.பி.எஸ். கட்டாயம். கரண்ட் போனதும் கன்ட்ரோலர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ரவுட்டர் அணைந்து, நிர்வாகத் திரையான டேஷ்போர்டு "ஆஃப்லைன்" என்று காட்டும், நீங்கள் திருட்டோ என்று பதறுவீர்கள்.

கேமராவையும் கிளவுடில் ஏற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கேமரா 2 எம்.பி.பி.எஸ். வீதம் அனுப்பினால் ஒரு நாளுக்கு 21.6 ஜி.பி., மாதம் 648 ஜி.பி. எட்டுக் கேமராவுக்கு ஐந்து டி.பி. தாண்டும். பல ஃபைபர் திட்டங்களில் வேகம் குறையும் எல்லை 3.3 டி.பி. முழுப் பதிவைக் கட்டடத்திலேயே இருக்கும் கேமராப் பதிவுப் பெட்டியில் (என்.வி.ஆர்.) வைத்து, கதவு பலவந்தமாகத் திறந்த நிமிடம் போன்ற துண்டுகளை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள்.

கேமராவையும் கதவுக் கன்ட்ரோலரையும் அலுவலகக் கம்ப்யூட்டர், விருந்தினர் வைஃபை இருக்கும் நெட்வொர்க்கில் கலக்காமல், அதே ஸ்விட்சில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்கில் (வி.லேன்) வையுங்கள்.

கிளவுட் கணக்கு

மாட்ட வந்தவர் தன் மெயிலிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவார், வேலை சீக்கிரம் முடியும் என்று. பிறகு அவரோடு தகராறு வந்தாலோ அவர் தொழிலை விட்டாலோ உங்கள் கட்டடத்தின் உரிமை அவர் போனில் இருக்கும். கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்படி தொடங்கப்பட வேண்டும். மாட்டுகிறவருக்கு டெக்னீஷியன் அளவு அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். முழு அதிகாரம் இரண்டு பேருக்கு மட்டும், இருவருக்கும் இரண்டடுக்கு உள்நுழைவு. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு கிளவுட் கேமரா நிறுவனத்தின் உயர்நிலை அட்மின் கணக்கு வெளியாட்கள் கையில் சிக்கி, சுமார் 1,50,000 கேமராக்களைப் பார்க்கும் வழி திறந்துகொண்டது. சுவரில் எத்தனை நல்ல பூட்டு இருந்தாலும் அந்த ஒரு பாஸ்வேர்டுதான் எல்லாக் கதவுக்கும் சாவி.

அமைக்கும் வரிசை: நிறுவனம், அதன் கீழ் இடங்கள், இடத்தின் கீழ் கதவுகள். பிறகு நேர அட்டவணை, அதன் பிறகு குழு, கடைசியில் ஆட்கள். ஆளுக்கு நேரடியாகக் கதவு கொடுக்காமல் குழுவில் சேருங்கள். "கடை ஊழியர்", "குடோன்", "கணக்கு", "துப்புரவு" என்று நான்கைந்து குழு போதும். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் அடுக்குமாடிகளில் பால், பேப்பர் போடுகிறவர்களுக்குக் காலை 5 முதல் 7 மணி, வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்கு 7 முதல் 12 மணி என்று குழு வைத்தால் வாட்ச்மேனுக்கு வேலை குறையும். இரவு ஷிப்ட் 10 மணியிலிருந்து காலை 6 மணி என்றால் அட்டவணையை நள்ளிரவில் இரண்டாக உடைத்து எழுத வேண்டிய சிஸ்டங்கள் உண்டு. 12 மணி தாண்டியதும் கார்டு வேலை செய்யவில்லை என்றால் காரணம் அதுதான்.

கார்டு எண்ணைக் கையால் ஏற்றும்போது நடக்கும் குழப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் கார்டின் மேல் 0001234567 018,54919 என்று அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒரே எண்தான். 18-ஐ 65,536-ஆல் பெருக்கி 54,919 கூட்டினால் 12,34,567 வரும். 26 பிட் வீகன்டில் கன்ட்ரோலர் பார்ப்பது 18 என்ற ஃபெசிலிட்டி கோடும் (கார்டுத் தொகுதியின் எண்) 54919 என்ற கார்டு எண்ணும். நீங்கள் முதல் எண்ணை ஏற்றியிருந்தால் ரீடர் பீப் அடிக்கும், கதவு திறக்காது. சந்தேகம் வந்தால் கார்டை ஒருமுறை காட்டி, "தெரியாத கார்டு" என்று டேஷ்போர்டில் விழும் எண்ணை அப்படியே எடுத்து ஆளின் பெயரில் சேருங்கள்.

ஒருவர் வேலையை விட்டால் கணக்குத் தீர்க்கும் மேசையிலேயே அவர் பெயரை முடக்க வேண்டும். கார்டைத் திருப்பி வாங்கியதோடு விடாதீர்கள், அவருடைய போன் வழி அனுமதியும் முகப் பதிவும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். கார்டு தொலைந்தால் அந்த எண்ணை முடக்கிப் புதிய எண் கொடுங்கள், பழையதை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலர் ஆஃப்லைனில் இருந்தால் முடக்கியது அதற்குப் போய்ச் சேராது என்பதும் நினைவில் இருக்கட்டும். மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்று டேஷ்போர்டில் உறுதி செய்துகொண்டு எழுந்திருங்கள்.

ஹோம்ஸ்டேக்கு வரும் வார இறுதி விருந்தினர்களுக்கு மதியம் 12 முதல் மறுநாள் காலை 11 வரை செல்லும் பின் நம்பர் உருவாக்கலாம். ப்ளூடூத் மட்டும் உள்ள பூட்டில் தூரத்திலிருந்து நம்பரை உடனே ரத்து செய்ய முடியாது. அதற்கு அறைக்குப் பக்கத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்த கேட்வே ஒன்று வேண்டும். பிரெஞ்சுக் காலச் சுவர்களின் தடிமனில் சிக்னல் தேயும், எனவே கேட்வே பூட்டு இருக்கும் அறைக்குள்ளேயே அல்லது கதவுக்கு நேர் எதிரே இருப்பது நல்லது.

ஒப்படைக்கும் நாள் சோதனை

பணத்தின் கடைசித் தவணை கொடுக்கும் முன், மாட்டியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்.

1. பூட்டின் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். பூட்டியிருக்கும்போது 11.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.
2. நெட் வயரைப் பிடுங்குங்கள். ஏற்கெனவே பதிந்த கார்டு திறக்க வேண்டும், பதியாத கார்டு திறக்கக் கூடாது. பத்து முறை திறந்துவிட்டு நெட்டைக் கொடுங்கள், பத்துப் பதிவும் சரியான நேரத்தோடு கிளவுடில் வந்து விழ வேண்டும்.
3. மெயின் கரண்டை அணைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். பூட்டு பிடித்திருக்க வேண்டும்.
4. கன்ட்ரோலரையே அணைத்துவிட்டு அவசரப் பெட்டியை அமுக்குங்கள். கதவு திறக்க வேண்டும்.
5. கதவை 30 விநாடி திறந்து பிடியுங்கள், பிறகு கார்டு காட்டாமல், அவசரப் பெட்டியை அமுக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு தகவல் போனுக்கு வர வேண்டும்.

இரண்டாவது சோதனையில் தோற்றால் அது இந்தக் கடலோரத்துக்கு ஆகாத கருவி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

மாத, வருடச் சந்தா கதவுக்கு இவ்வளவு என்று வரும். விலையைவிட முக்கியமாகக் கேளுங்கள்: சந்தா கட்டாமல் விட்டால் இருக்கும் கார்டுகள் தொடர்ந்து திறக்குமா, இல்லை கதவு செத்துவிடுமா? ஆட்கள் பட்டியலையும் பதிவுகளையும் எக்செலில் இறக்கிக்கொள்ள முடியுமா? நாளை வேறு சேவைக்கு மாறினால் இதே கன்ட்ரோலரும் ரீடரும் உதவுமா? கன்ட்ரோலர் ஒரே கம்பெனியின் கிளவுடில் மட்டும் ஓடுவது என்றால், சந்தா ஏறும்போது உங்களுக்குப் பேரம் பேச இடம் இருக்காது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஊழியரின் முகமோ கைரேகையோ எடுக்கும் முன் எதற்கு எடுக்கிறோம், எத்தனை நாள் வைப்போம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் கொடுக்க விரும்பாதவருக்குக் கார்டு கொடுங்கள். விசிட்டர் ஆப்பில் ஆதார் நகலைப் படம் பிடித்துச் சேர்க்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், பெயரும் போன் எண்ணும் போதும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு, சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைக்கவும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. உங்கள் சேவை நிறுவனம் இதற்குத் தயாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை ஆட்கள் பட்டியலைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சம்பளத்தில் இல்லாத பெயர் கதவில் இருந்தால் அன்றே முடக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவசரப் பெட்டியைச் சோதியுங்கள்.

பெரிய பராமரிப்பு செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். பேட்டரியை மெயினிலிருந்து பிரித்து இரண்டு மணி நேரம் பூட்டை ஓட்டிப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள், மூன்று வருடம் ஆனதைச் சோதிக்காமலே மாற்றலாம். ஆர்மேச்சர் போல்ட், டோர் குளோசர், வெளி ரீடரின் ரப்பர், கன்ட்ரோலரின் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். இடி மின்னல் பருவத்தில் எர்த் இல்லாத கன்ட்ரோலர் அதிக நாள் தாங்காது. இரண்டாவது சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, ஃபைபரைப் பிடுங்கி அது தானாக ஏற்றுக்கொள்கிறதா என்று சோதியுங்கள். சாவிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பெயரெழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.